மூன்றாம் தரப்பு நிதித் தகவல்: வருமான வரி நோட்டீஸ் வந்தால் வரி செலுத்துவோருக்குச் சட்டம் தரும் பாதுகாப்புகள் என்னென்ன?

புது தில்லி: வங்கிக் கணக்கில் செலுத்திய ரொக்கம், கடன் அட்டைக்குக் கட்டிய தொகை, வாங்கிய நிலம், விற்ற பங்குகள், பரஸ்பர நிதி முதலீடு, வைப்புத்தொகைக்குக் கிடைத்த வட்டி ஆகிய விவரங்களை வருமான வரித்துறை இப்போது வரி செலுத்துவோரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை. வங்கிகள், அஞ்சலகங்கள், பத்திரப்பதிவு அலுவலகங்கள், பரஸ்பர நிதி நிறுவனங்கள் ஆகியவையே அவற்றைத் துறைக்கு நேரடியாக அனுப்பி வைக்கின்றன. இவ்வாறு வரி செலுத்துபவரும் துறையும் அல்லாத வேறொருவர் அளிக்கும் விவரமே மூன்றாம் தரப்புத் தகவல் எனப்படுகிறது.

தாக்கல் செய்த வருமான வரிக் கணக்குக்கும் இந்தத் தகவலுக்கும் வேறுபாடு இருந்தால் குறுஞ்செய்தி வரும்; சில நேரங்களில் நோட்டீஸும் வரும். ஆனால், மூன்றாம் தரப்புத் தகவல் விசாரணையின் தொடக்கம்தானே தவிர, அதன் முடிவு அல்ல. சம்பந்தப்பட்டவரிடம் அந்தத் தகவலைக் காட்டி, அவரது பதிலைக் கேட்ட பின்னரே அதன் அடிப்படையில் வரி விதிக்க முடியும் என்பது 70 ஆண்டுகளுக்கும் மேலாக உச்ச நீதிமன்றம் வலியுறுத்தி வரும் நெறியாகும். அந்த நெறி நடைமுறையில் எங்கெங்கே பாதுகாப்பு தருகிறது, எங்கே தளர்கிறது என்பதை விளக்குகிறது இந்தத் தொகுப்பு.

பெங்களூரு தந்த பாடம்

மூன்றாம் தரப்புத் தகவலை அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன நேரும் என்பதைக் கர்நாடகத்தில் 2025 ஜூலை மாதம் நடந்த நிகழ்வுகள் காட்டின. பணப் பரிமாற்றச் செயலி நிறுவனங்களிடமிருந்து யுபிஐ விவரங்களைப் பெற்ற அம்மாநில வணிக வரித் துறை, 2021-22 நிதியாண்டு முதலான வரவுகளைக் கணக்கிட்டு, சிறு வியாபாரிகளுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி தொடர்பான நோட்டீஸ்களை அனுப்பியது. பொருள் விற்பனைக்கு ஆண்டுக்கு ரூ.40 லட்சம், சேவைக்கு ரூ.20 லட்சம் என்ற பதிவு வரம்பைத் தாண்டியவர்கள் என அவர்கள் அடையாளம் காணப்பட்டனர். நோட்டீஸ் பெற்றவர்களில் காய்கறிக் கடை, பேக்கரி, தேநீர்க் கடை நடத்துவோரும் இருந்தனர்.

யுபிஐ வழியாக வந்த தொகை முழுவதும் வரிக்கு உட்பட்ட விற்பனை அல்ல என்று வியாபாரிகள் வாதிட்டனர். உறவினர் அனுப்பிய பணமும் கைமாற்றாகப் பெற்ற கடனும் அதே கணக்கில்தான் வரவாகியிருக்கும். காய்கறி போன்ற பொருள்களுக்கு அந்த வரியே கிடையாது. பல கடைகளில் கியூஆர் குறியீட்டு அட்டைகள் அகற்றப்பட்டு, ரொக்கம் மட்டுமே பெறப்பட்டது. நோட்டீஸ் என்பது இறுதி வரிக் கோரிக்கை அல்ல, விளக்கம் அளிக்கலாம் என்று துறை தெளிவுபடுத்தியது. இறுதியில் முதலமைச்சர் சித்தராமையா ஜூலை 23-ஆம் தேதி வியாபாரிகளுடன் பேச்சு நடத்தி, வரிப் பதிவு செய்துகொள்வோரிடம் பழைய நிலுவை வசூலிக்கப்படாது என்று அறிவித்தார்.

அது மாநில வரித் துறை தொடர்பான விவகாரம். எனினும், ‘வரவு’ வேறு, ‘வருமானம்’ வேறு என்ற அடிப்படைக் கேள்வி வருமான வரிக்கும் அப்படியே பொருந்தும்.

யார், எதைத் தெரிவிக்கிறார்கள்?

வருமான வரிச் சட்டம், 1961-இன் 285பிஏ பிரிவும், வருமான வரி விதிகளின் 114இ விதியும் நிதிப் பரிவர்த்தனை அறிக்கை தாக்கல் செய்வதை வங்கிகள் உள்ளிட்ட நிறுவனங்களுக்குக் கடமையாக்கியுள்ளன. ஒவ்வொரு நிதியாண்டுக்கும் உரிய அறிக்கையை அதை அடுத்து வரும் மே 31-க்குள் அவை அளிக்க வேண்டும்.

அந்த விதியின்படி தெரிவிக்கப்படும் முக்கியப் பரிவர்த்தனைகள்: சேமிப்புக் கணக்குகளில் ஓராண்டில் மொத்தம் ரூ.10 லட்சமோ அதற்கு மேலோ செலுத்தப்பட்ட ரொக்கம்; நடப்புக் கணக்குகளில் ரூ.50 லட்சமோ அதற்கு மேலோ செலுத்திய அல்லது எடுத்த ரொக்கம்; ரூ.10 லட்சமோ அதற்கு மேலோ உள்ள புதிய குறித்தகால வைப்புகள். கடன் அட்டைக்கு ரொக்கமாக ரூ.1 லட்சமோ பிற வழிகளில் ரூ.10 லட்சமோ அதற்கு மேலோ செலுத்திய தொகை, ரூ.10 லட்சமோ அதற்கு மேலோ பங்குகள், கடன் பத்திரங்கள், பரஸ்பர நிதிகளில் செய்த முதலீடு, ரூ.30 லட்சமோ அதற்கு மேலோ மதிப்புள்ள அசையாச் சொத்தின் வாங்கலும் விற்றலும்.

வட்டி, ஈவுத்தொகை, பட்டியலிடப்பட்ட பங்குகள் மற்றும் பரஸ்பர நிதிகளின் விற்பனை பற்றிய விவரங்களும் பின்னர் இதில் சேர்க்கப்பட்டன. இவை தவிர, வருமானம் வழங்கும்போதே பிடித்தம் செய்யப்படும் வரியின் விவரங்கள், வெளிநாடுகளுடனான உடன்பாடுகளின்படி வரும் கணக்கு விவரங்கள் ஆகியவையும் துறையிடம் உள்ளன. இவை அனைத்தும் ‘பான்’ எனப்படும் நிரந்தரக் கணக்கு எண்ணைக் கொண்டு ஒருவரின் பெயரில் தொகுக்கப்படுகின்றன.

தகவல் ஏன் பிழையாகிறது?

அனுப்பப்படும் தகவல் பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. உண்மையான தகவலே தவறான முடிவுக்கு இட்டுச் செல்லக்கூடும். இதற்கான காரணங்களில் ஒன்று விதியிலேயே அமைந்துள்ளது. ஒரு கணக்கோ பரிவர்த்தனையோ ஒன்றுக்கு மேற்பட்டோர் பெயரில் இருந்தால், முழுத் தொகையையும் அவர்கள் ஒவ்வொருவரின் பெயரிலும் காட்ட வேண்டும் என்று 114இ விதி கூறுகிறது. கணவனும் மனைவியும் கூட்டாக ரூ.60 லட்சத்துக்கு வீடு வாங்கினால், இருவரின் பெயரிலும் தலா ரூ.60 லட்சம் பதிவாகலாம். கணவர் மட்டுமே பணம் கொடுத்திருந்தாலும், வருமானமே இல்லாத மனைவியின் பெயரில் ரூ.60 லட்சம் முதலீடு தோன்றும்.

சேமிப்புக் கணக்கிலிருந்து ரூ.6 லட்சத்தை ரொக்கமாக எடுத்தவர், செலவு தள்ளிப்போனதால் அதைத் திரும்பச் செலுத்துகிறார். அதே ஆண்டில் மீண்டும் எடுத்து, மீண்டும் செலுத்துகிறார் என்று கொள்வோம். அவரிடம் இருந்தது ரூ.6 லட்சம் மட்டுமே. வங்கி அறிக்கையிலோ ரொக்க வரவு ரூ.12 லட்சம் என்று பதிவாகும். அதேபோல, ஒரு பரஸ்பர நிதித் திட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது விற்பனையாகவும் புதிய முதலீடாகவும் தனித்தனியே இடம்பெறும். வங்கி ஊழியர் ‘பான்’ எண்ணில் ஓர் எழுத்தைத் தவறாகப் பதிவு செய்தால், ஒருவரின் பரிவர்த்தனை இன்னொருவரின் கணக்கில் சேர்ந்துவிடும்.

முதல் பாதுகாப்பு: தகவலைப் பார்த்து மறுக்கும் உரிமை

துறையிடம் தம்மைப் பற்றி உள்ள தகவலை ஒருவர் முன்கூட்டியே காண வழிசெய்வது வருடாந்திரத் தகவல் அறிக்கையாகும். ‘ஏஐஎஸ்’ எனப்படும் இந்த அறிக்கை 2021 நவம்பர் 1 முதல் வருமான வரி இணையதளத்தில் கிடைக்கிறது. அதற்கு முன் 26ஏஎஸ் படிவத்தில் பெரும்பாலும் பிடித்தம் செய்த வரியின் விவரமே இருந்தது. 2020-இல் அது விரிவாக்கப்பட்டது.

இந்த அறிக்கையில் உள்ள ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே வரி செலுத்துபவர் தமது கருத்தைப் பதிவு செய்யலாம். தகவல் சரியானது, முழுமையாகச் சரியல்ல, வேறொரு ‘பான்’ எண்ணுக்கோ ஆண்டுக்கோ உரியது, இருமுறை இடம்பெற்றுள்ளது, வரிக்கு உட்பட்ட வருமானம் அல்ல, முற்றிலும் மறுக்கப்படுகிறது ஆகிய தெரிவுகள் அதில் உள்ளன. கருத்துப் பதிவான பிறகு நிறுவனம் தெரிவித்த தொகை, வரி செலுத்துபவர் திருத்திய தொகை ஆகிய இரண்டும் அருகருகே காட்டப்படும்.

மறுப்புப் பதிவான பிறகு என்ன ஆயிற்று என்பது நெடுநாளாக வரி செலுத்துவோருக்குத் தெரியாமல் இருந்தது. இக்குறையைப் போக்க 2024 மே மாதம் மத்திய நேரடி வரிகள் வாரியம் புதிய வசதியை அறிமுகப்படுத்தியது. மறுப்பு உரிய நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டதா, எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது, நிறுவனம் அதை ஏற்றதா, நிராகரித்ததா ஆகிய விவரங்களை அதன் மூலம் காணலாம்.

தகவலில் பிழை இருப்பதை அறிந்த நிறுவனம் 10 நாள்களுக்குள் அதைத் தெரிவித்துத் திருத்த வேண்டும் என்று 285பிஏ பிரிவு கூறுகிறது. பிழையான அறிக்கை அளிக்கும் நிறுவனத்துக்கு 271எஃப்ஏஏ பிரிவின்கீழ் ரூ.50,000 அபராதம் விதிக்க முடியும். ஆனால், அந்த அபராதத்தில் எதுவும் பிழையால் அலைக்கழிக்கப்பட்டவருக்குச் சேராது.

தகவல் தானாகவே வருமானம் ஆகாது

தாக்கல் செய்த கணக்கைக் கணினி வழியே சரிபார்க்கும் கட்டத்தில், 26ஏஎஸ் படிவத்தில் காணப்படும் வருமானம் கணக்கில் இல்லையெனில் அதைச் சேர்த்துக்கொள்ள 143(1) பிரிவு ஒரு காலத்தில் இடமளித்தது. 2018-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் இந்த நடைமுறையை 2018-19 மதிப்பீட்டு ஆண்டு முதல் நிறுத்தியது. அந்தப் பிரிவின்கீழ் பிற காரணங்களுக்காகத் திருத்தம் செய்ய வேண்டியிருந்தாலும், முன்னறிவிப்பு தந்து 30 நாள்கள் காத்திருந்த பிறகே செய்ய முடியும். ஆகவே, வெளியிலிருந்து வந்த தகவலைக் கொண்டு வருமானத்தைக் கூட்ட வேண்டுமானால், துறை முறையான மதிப்பீட்டு நடவடிக்கைக்குச் செல்ல வேண்டும். அங்கே சம்பந்தப்பட்டவருக்குப் பதிலளிக்கும் உரிமை பிறக்கிறது.

மறுமதிப்பீட்டுக்கு முன் காரணம் கேட்க வேண்டும்

முடிந்துபோன ஓர் ஆண்டின் கணக்கை மீண்டும் திறப்பதே வரி செலுத்துவோரைப் பெரிதும் பாதிக்கும் நடவடிக்கை. இதற்கான காரணங்களைக் கேட்டுப் பெறவும், ஆட்சேபம் தெரிவிக்கவும், அதற்குக் காரணங்களுடன் கூடிய பதிலைப் பெறவும் வரி செலுத்துபவருக்கு உரிமை உண்டு என்று ஜிகேஎன் டிரைவ்ஷாஃப்ட்ஸ் வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்த நெறிக்கு 2021-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் 148ஏ பிரிவின் மூலம் சட்ட வடிவம் கொடுத்தது.

அதன்படி, வருமானம் விடுபட்டதாகக் காட்டும் தகவலை இணைத்து, ஏன் மறுமதிப்பீடு செய்யக்கூடாது என்று மதிப்பீட்டு அதிகாரி முதலில் காரணம் கேட்க வேண்டும். பதிலைப் பரிசீலித்த பிறகு, உயர் அதிகாரியின் முன்ஒப்புதலுடன் காரணங்களைக் குறிப்பிட்டு ஆணையிட வேண்டும். மறுமதிப்பீட்டுக்கு உரிய வழக்கு என்று அந்த ஆணை முடிவு செய்தால் மட்டுமே 148 பிரிவின்கீழ் நோட்டீஸ் அனுப்ப முடியும்.

புதிய நடைமுறை வந்த பிறகும் பழைய சட்டப்படி ஏறத்தாழ 90,000 நோட்டீஸ்கள் அனுப்பப்பட்டன. அது குறித்த ஆசிஷ் அகர்வால் வழக்கில் 2022 மே 4-ஆம் தேதி தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அந்த நோட்டீஸ்களை ரத்து செய்யாமல் 148ஏ பிரிவின்கீழ் அனுப்பப்பட்ட நோட்டீஸ்களாகக் கருதலாம் என்றது. அதே நேரத்தில், அதிகாரிகள் தாம் சார்ந்திருக்கும் தகவலையும் ஆவணங்களையும் 30 நாள்களுக்குள் வரி செலுத்துவோருக்கு அளிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. துறையின் வசதிக்காக நோட்டீஸ்கள் காப்பாற்றப்பட்டாலும், தகவலைக் காட்டும் கடமையிலிருந்து துறைக்கு விலக்கு தரப்படவில்லை.

கால வரம்பும் ஒரு பாதுகாப்பே. 2024 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 3 ஆண்டுகள் 3 மாதங்களுக்குப் பிறகு பொதுவாக 148 நோட்டீஸ் அனுப்ப முடியாது. விடுபட்ட வருமானம் ரூ.50 லட்சமோ அதற்கு மேலோ இருக்கும் எனக் கருதினால், இந்த வரம்பு 5 ஆண்டுகள் 3 மாதங்கள். பதிலளித்தவர் நோட்டீஸில் குறிப்பிடப்பட்டுள்ள மதிப்பீட்டு ஆண்டைப் பார்த்து இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

சென்னையிலிருந்து மும்பைக்கு அனுப்பிய ரூ.1,07,350

மூன்றாம் தரப்புத் தகவல் குறித்த அடிப்படைத் தீர்ப்புகள் கணினிக் காலத்துக்கு முந்தையவை. தாகேஸ்வரி காட்டன் மில்ஸ் வழக்கில், பிற ஆலைகளின் லாப விகிதங்களைத் துறையின் பிரதிநிதி தீர்ப்பாயத்திடம் அளித்தார். அவற்றை நிறுவனத்துக்குக் காட்டாமலே தீர்ப்பாயம் முடிவெடுத்தது. அது இயற்கை நீதிக்கு மாறானது என்று 1954 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது.

வங்கித் தகவல் தொடர்பாக இன்றும் மேற்கோள் காட்டப்படுவது கிஷின்சந்த் செல்லாராம் வழக்கு. 1946-இல் அன்றைய மதராஸிலிருந்து பம்பாய்க்கு பஞ்சாப் நேஷனல் வங்கி வழியாக ரூ.1,07,350 தந்தி மூலம் அனுப்பப்பட்டது. அந்தப் பணம் வரி செலுத்தும் நிறுவனத்தின் கணக்கில் காட்டாத வருமானம் என்று துறை கூறியது. வங்கி மேலாளர் வரித்துறைக்கு எழுதிய கடிதங்களே அதற்கு ஆதாரம். அவை நிறுவனத்துக்கு உரிய நேரத்தில் காட்டப்படவில்லை. மேலாளரைக் குறுக்கு விசாரணை செய்யவும் வாய்ப்புத் தரப்படவில்லை.

இந்த வழக்கில் 1980 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வரி நடவடிக்கைகளுக்குச் சாட்சியச் சட்டத்தின் கடுமையான விதிகள் பொருந்தா. எனவே மேலாளரைச் சாட்சியாக அழைக்காமலே அவரது கடிதத்தைத் துறை கருத்தில் கொள்ளலாம். ஆனால், அதை நம்பி முடிவெடுக்கும் முன் வரி செலுத்துபவருக்குக் காட்டி, மறுக்க வாய்ப்பளித்தே ஆக வேண்டும் என்றது நீதிமன்றம். ஊழியர் ஒருவர் பணம் அனுப்பினார் என்பதாலேயே அது முதலாளியின் பணம் ஆகிவிடாது. அதை மெய்ப்பிக்கும் பொறுப்பு துறையைச் சேர்ந்தது என்றும் கூறியது. பணம் அனுப்பிய ஆண்டுக்கும் தீர்ப்புக்கும் இடையே 34 ஆண்டுகள் கடந்திருந்தன.

சாட்சிகளின் வாக்குமூலத்தையே அடிப்படையாகக் கொண்டு ஆணை பிறப்பித்துவிட்டு, அவர்களைக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி மறுப்பது ஆணையையே செல்லாததாக்கும் கடுமையான குறைபாடு என்று ஆந்தமான் டிம்பர் வழக்கில் 2015 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. அது மத்திய கலால் வரி வழக்கு என்றாலும், வருமான வரி வழக்குகளிலும் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. ஆயினும், குறுக்கு விசாரணையை வரி செலுத்துபவர் எழுத்துப்பூர்வமாகக் கோரியிருக்க வேண்டும். அந்த வாக்குமூலமே வரி விதிப்புக்கு முதன்மை ஆதாரமாகவும் இருக்க வேண்டும். வேறு ஆவணங்கள் போதிய அளவில் இருந்தால் இந்த வாதம் வலுவிழக்கும்.

தகவல் கேட்கும் அதிகாரம் விரிவானது

தகவலைப் பயன்படுத்துவதில்தான் இத்தகைய கட்டுப்பாடுகள் உள்ளன. தகவலைத் திரட்டுவதில் துறைக்கு விரிவான அதிகாரம் உண்டு. 133(6) பிரிவின்கீழ் வங்கிகளிடம் விவரம் கேட்க, குறிப்பிட்ட ஒருவர்மீது நடவடிக்கை நிலுவையில் இருக்க வேண்டியதில்லை என்று கர்நாடகா வங்கி வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

கேரளத்தின் கதிரூர் சேவைக் கூட்டுறவு வங்கியிடம், மூன்று ஆண்டுகளில் ரூ.1 லட்சமும் அதற்கு மேலும் பரிவர்த்தனை செய்தவர்களின் பெயர், முகவரி விவரங்களைத் துறை கேட்டது. குறிப்பிட்ட யாரையும் சந்தேகிக்காமல் பொதுவாகக் கேட்பது சரியல்ல என்று வங்கி வாதிட்டது. உரிய உயர் அதிகாரியின் முன்ஒப்புதல் இருப்பதால் கோரிக்கை செல்லும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

முகமற்ற மதிப்பீட்டில் நேர்முக விசாரணை

இப்போது பெரும்பாலான மதிப்பீடுகள் 144பி பிரிவின்படி, அதிகாரியும் வரி செலுத்துபவரும் ஒருவரையொருவர் காணாத முறையில் நடைபெறுகின்றன. வருமானத்தைக் கூட்ட உத்தேசித்தால், அதற்கான காரணங்களுடன் நோட்டீஸ் அனுப்பிப் பதில் பெற வேண்டும். காணொலி மூலம் நேர்முக விசாரணை கோரினால் அதற்கு வாய்ப்புத் தரவேண்டும். விசாரணையில் திரட்டிய எந்த விவரத்தையும் பயன்படுத்தும் முன் கருத்துக் கேட்க வேண்டும் என்று 142(3) பிரிவும் கூறுகிறது. ஆனால், நோட்டீஸ்களுக்குப் பதிலே தராமல் இருந்து, அதிகாரி தம் முடிவின்படி மதிப்பீடு செய்யும் 144 பிரிவுக்கு வழக்கு சென்றுவிட்டால், 142(3) பிரிவின் இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. மௌனம் உரிமையைக் குறைத்துவிடும்.

பணம் தம்முடையது என்பது உறுதியானால், அது எங்கிருந்து வந்தது என்று விளக்கும் பொறுப்பு வரி செலுத்துபவருடையது. விளக்கம் தரப்படாவிட்டாலோ, தந்த விளக்கம் நிறைவளிக்காவிட்டாலோ, அதை 69ஏ போன்ற பிரிவுகளின்கீழ் வருமானமாகக் கருதி, வழக்கத்தைவிடக் கூடுதலான விகிதத்தில் வரி விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது.

அந்தரங்கமும் இரகசியமும்

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி புட்டசாமி வழக்கில் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு அறிவித்தது. அரசு அதில் தலையிட வேண்டுமானால் சட்டத்தின் ஆதாரமும், முறையான நோக்கமும், அந்த நோக்கத்துக்கு மிஞ்சாத அளவும் தேவை என்பது அத்தீர்ப்பின் சாரம். அதற்கு முன்பே, 2004-இல் கனரா வங்கி வழக்கில், ஒருவரின் ஆவணம் வங்கியின் பொறுப்பில் இருப்பதால் அதன் அந்தரங்கம் போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. எந்தக் காரணமும் பதிவு செய்யாமல் ஆவணங்களைப் பரிசோதிக்க இடமளித்த ஆந்திரப் பிரதேச முத்திரைச் சட்டத் திருத்தம் அவ்வழக்கில் ரத்தானது.

வரித்துறை தன்னிடம் உள்ள விவரங்களை வெளியாருக்குத் தருவதை 138 பிரிவு கட்டுப்படுத்துகிறது. அதற்கு மாறாகத் தகவலை வெளியிடும் அரசு ஊழியருக்கு 6 மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்க 280 பிரிவு வகை செய்கிறது. தக்க காரணம் இல்லாதவரை வரி செலுத்துவோரை நேர்மையாளர்களாகக் கருதுவோம், அவர்களது விவரங்களின் இரகசியத்தைக் காப்போம் என்று 2020 ஆகஸ்ட் 13-ஆம் தேதி வெளியான வரி செலுத்துவோர் சாசனமும் உறுதியளிக்கிறது.

பாதுகாப்பில் உள்ள இடைவெளிகள்

இவ்வளவு பாதுகாப்புகள் இருந்தும் சில இடங்களில் இடைவெளி உள்ளது. முதலாவதாக, மின்வழிச் சரிபார்ப்புத் திட்டம், 2021 போன்று 135ஏ பிரிவின்கீழ் அறிவிக்கப்பட்ட திட்டத்தின் மூலம் தகவல் பெறப்பட்டிருந்தால், 148ஏ பிரிவின்படி தனியாகக் காரணம் கேட்க வேண்டியதில்லை. அந்தத் திட்டத்திலேயே தகவல் தந்த நிறுவனத்திடமும் வரி செலுத்துபவரிடமும் விவரம் கேட்கப்படுகிறது என்பதே இதற்கான நியாயம். உயர் அதிகாரியின் முன்ஒப்புதலும் தேவை. ஆனால், சரிபார்ப்புக் கட்டத்தில் வரும் கடிதத்தை அலட்சியப்படுத்துபவர், மறுமதிப்பீட்டுக்கு முன் பதிலளிக்கக் கிடைக்கும் வாய்ப்பை இழந்துவிடுவார்.

இரண்டாவதாக, 148ஏ நோட்டீஸுக்குப் பதிலளிக்க 2021-ஆம் ஆண்டின் சட்டம் 7 நாள்களுக்குக் குறையாத, 30 நாள்களுக்கு மிகாத அவகாசத்தை நிர்ணயித்திருந்தது. 2024 திருத்தத்துக்குப் பிறகு, ‘நோட்டீஸில் குறிப்பிடும் காலம்’ என்ற அளவிலேயே அது நின்றுவிட்டது.

மூன்றாவதாக, யாருடைய கணக்கை ஆய்வுக்கு எடுப்பது என்பதைத் துறையின் இடர் மேலாண்மை முறை கணினி வழியே தெரிவு செய்கிறது. எந்த அளவுகோல்களின்படி தெரிவு நடக்கிறது என்பது வெளியிடப்படுவதில்லை.

நான்காவதாக, டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 தரும் பல உரிமைகள் இங்கே முழுமையாகப் பொருந்துவதில்லை. சட்டப்படி அரசுக்குத் தகவல் அளிக்க வேண்டிய கடமையை நிறைவேற்ற ஒருவரின் ஒப்புதல் தேவையில்லை. சட்ட மீறல்களைத் தடுக்க, கண்டறிய, புலனாய்வு செய்ய நடக்கும் தரவுச் செயல்பாட்டுக்கு அச்சட்டத்தின் 17 பிரிவு விலக்கு அளிக்கிறது. எனவே, வரித் தகவலைப் பொறுத்தவரை உண்மையான பாதுகாப்பை வரிச் சட்டத்துக்குள்ளும் நீதிமன்றத் தீர்ப்புகளிலும்தான் தேட வேண்டியுள்ளது.

நோட்டீஸ் வந்தால் செய்ய வேண்டியவை

முதலில் நோட்டீஸ் உண்மையானதா என்று பார்க்க வேண்டும். 2019 அக்டோபர் 1 முதல் துறையின் கடிதங்களில் கணினி உருவாக்கும் ஆவண அடையாள எண் இடம்பெற வேண்டும் என்று வாரியம் சுற்றறிக்கை வெளியிட்டுள்ளது. அந்த எண்ணை வருமான வரி இணையதளத்தில் உள்ளீடு செய்து சரிபார்க்கலாம். இதற்கு உள்நுழையத் தேவையில்லை.

அடுத்து, எந்தப் பிரிவின்கீழ், எந்த ஆண்டுக்காக, எந்தத் தேதிக்குள் பதில் கேட்கப்பட்டுள்ளது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். துறை சார்ந்திருக்கும் தகவல் இணைக்கப்படாமல் இருந்தால், அதைத் தரும்படி இணையதளம் வழியாகவே எழுத்துப்பூர்வமாகக் கேட்க வேண்டும். அவகாசம் போதாவிட்டால் கடைசித் தேதிக்கு முன்பே நீட்டிப்புக் கோர வேண்டும்.

பதிலில் பொதுவாக மறுப்பதைவிட, ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனியே விளக்கம் தருவது பயன் தரும். வங்கிக் கணக்கு விவரம், விற்பனைப் பத்திரம், கடன் ஒப்பந்தம், கூட்டுக் கணக்கில் யார் எவ்வளவு செலுத்தினர் என்பதற்கான சான்று ஆகியவற்றை இணைக்க வேண்டும். தகவல் தந்த நிறுவனத்திடம் பிழையைச் சுட்டிக்காட்டி எழுதிய கடிதத்தின் நகலும் உதவும். நேர்முக விசாரணையும் குறுக்கு விசாரணையும் தேவை என்றால், அதைப் பதிலிலேயே குறிப்பிட வேண்டும். கேட்கப்படாத உரிமையை மேல்முறையீட்டில் நிலைநாட்டுவது கடினம்.

தகவல் சரியாக இருந்து, வருமானம் உண்மையிலேயே விடுபட்டிருந்தால், நோட்டீஸ் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. 139(8ஏ) பிரிவின்கீழ் புதுப்பிக்கப்பட்ட கணக்கைத் தாக்கல் செய்வதற்கான கால வரம்பு 2025-ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தால் 24 மாதங்களிலிருந்து 48 மாதங்களாக உயர்த்தப்பட்டது. தாமதத்துக்கு ஏற்ப, வரி மற்றும் வட்டித் தொகையின்மீது 25 சதவீதம் முதல் 70 சதவீதம் வரை கூடுதல் வரி செலுத்த வேண்டும்.

மதிப்பீட்டு ஆணை பாதகமாக வந்தால், 30 நாள்களுக்குள் ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம். மேல்முறையீடு முடியும் வரை வசூலை நிறுத்தி வைக்க, பொதுவாக வரிக் கோரிக்கையில் 20 சதவீதத்தைச் செலுத்த வேண்டும் என்று 2017 ஜூலை 31-ஆம் தேதியிட்ட வாரியத்தின் குறிப்பு கூறுகிறது. தகவலையே காட்டாமல் மறுமதிப்பீடு தொடங்கினால், அரசமைப்புச் சட்டத்தின் 226-ஆவது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தை அணுகும் வழியும் உண்டு.

புதிய சட்டத்தில் என்ன நிலை?

1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக நிறைவேற்றப்பட்ட வருமான வரிச் சட்டம், 2025 நடைமுறைக்கு வரும் தேதி 2026 ஏப்ரல் 1 ஆகும். அதில் பிரிவுகளின் எண்ணிக்கை 536 ஆகக் குறைக்கப்பட்டுள்ளது. நிதிப் பரிவர்த்தனை அறிக்கை 508 பிரிவிலும், விடுபட்ட வருமானத்தை மதிப்பிடுவது 279 பிரிவிலும், அதற்கான நோட்டீஸ் 280 பிரிவிலும், அதற்கு முன் காரணம் கேட்கும் நடைமுறை 281 பிரிவிலும் இடம்பெற்றுள்ளன. முந்தைய ஆண்டுகள் தொடர்பான நடவடிக்கைகளுக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்பதால், இன்னும் சில ஆண்டுகளுக்கு இரு சட்டங்களின் பிரிவு எண்களும் நோட்டீஸ்களில் காணப்படும்.

பிரிவு எண் மாறினாலும், தகவலைக் காட்டிப் பதிலைக் கேட்ட பிறகே முடிவு என்ற நெறி மாறவில்லை. கணக்குத் தாக்கல் செய்யும் முன் வருடாந்திரத் தகவல் அறிக்கையைப் பார்த்து, பிழைகளை அப்போதே மறுத்துப் பதிவு செய்வதும், வரும் கடிதம் எதையும் பதிலின்றி விடாமல் இருப்பதும் அந்த நெறியின் பயனைப் பெற வரி செலுத்துவோர் செய்யக்கூடிய எளிய முன்னெச்சரிக்கைகளாகும்.